‘மூணு நாள்’ காய்ச்சலும் ‘மூணு நாளா’ காய்ச்சலும்

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி தேர்வுக்குப் படிக்கும் செவிலியர்கள் சிலர் என் மாலை வகுப்புக்கு வருகிறார்கள். ஓஇடி என்பது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் குறிப்புகளைப் படிக்க மட்டும்தான். மீதி நேரத்தில், நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் கடிதம் ஒன்றை எழுதி முடிக்க வேண்டும். போன வாரம் மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் எழுதிய பயிற்சிக் கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘தி பேஷன்ட் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.’

“காய்ச்சல் இப்ப இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கு மிஸ். அதுக்குத்தான அந்த டாக்டர்கிட்ட அனுப்புறோம்.”

அந்தக் கடிதத்தைப் படிக்கும் வெளிநாட்டு மருத்துவருக்கு அது தெரியாது. காய்ச்சல் வந்தது, மூன்று நாள் இருந்தது, போய்விட்டது என்றுதான் அவர் புரிந்துகொள்வார். ‘ஹேஸ் ஹேட்’ என்று எழுதியிருந்தால் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று தெரிந்திருக்கும். விட்டுப்போனது ஒரே ஒரு சொல். ஒரு நோயாளியின் நிலைமையே அதில் மாறிவிடுகிறது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வருடமாக மதுரையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இடத்தில் தடுமாறாதவர்கள் மிகக் குறைவு. பள்ளியில் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் ‘ஹேவ் ஹேட்’ என்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடுவார்கள். காதும் உதவிக்கு வராது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் முதல் ‘ஹேவ்’-ஐ விழுங்கிவிட்டு ‘ஐவ் ஹேட்’ என்கிறார்கள். நமக்கு ‘ஹேட்’ மட்டும்தான் கேட்கிறது.

சரி, தமிழில் இந்த வித்தியாசம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. அந்தப் பெண்ணையே தமிழில் சொல்லச் சொன்னேன். “மூணு நாளா காய்ச்சல் இருக்கு” என்றார். காய்ச்சல் போயிருந்தால்? “மூணு நாள் காய்ச்சல் இருந்துச்சு.” நாள், நாளா. அந்த ஒரு நெடிலுக்குள் எல்லாம் இருக்கிறது. ‘நாளா’, ‘மாசமா’, ‘வருஷமா’ என்று தொடங்கி ‘இருக்கு’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் ‘ஹேவ் ஹேட்’. வெறும் ‘நாள்’, ‘வருஷம்’ என்று வந்து ‘இருந்துச்சு’ என்று முடிந்தால் ‘ஹேட்’.

எல்லோரும் பயப்படும் ‘ஹேட் ஹேட்’ கூட இதற்குள் அடங்கிவிடும். “விக்கும்போது அந்த வண்டியைப் பத்து வருஷமா வச்சிருந்தார்” என்று சொல்கிறோமே, அதுதான்: ‘வென் ஹி சோல்ட் தி பைக், ஹி ஹேட் ஹேட் இட் ஃபார் டென் இயர்ஸ்.’ விற்றதே பழைய கதை. அதற்கும் முந்தைய பத்து வருடத்தைப் பேசுகிறோம். ‘வருஷமா’ இருக்கிறது, முடிவு ‘இருக்கார்’ என்பதற்குப் பதில் ‘இருந்தார்’ ஆகிறது, அவ்வளவுதான்.

உடைமையைச் சொல்லும்போது இன்னொரு சிக்கல் வரும். ‘ஹேவ்’ என்ற வினைக்கு நேரான சொல் தமிழில் கிடையாது. எனக்கு இரண்டு பிள்ளைகள், என்னிடம் பணம் இருக்கிறது, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வண்டி வைத்திருக்கிறேன் என்று ஆளுக்கும் பொருளுக்கும் நோய்க்கும் வேறு வேறு வழி வைத்திருக்கிறோம். ஆங்கிலம் எல்லாவற்றையும் ‘ஹேவ்’ என்ற ஒரே சொல்லில் கட்டுகிறது. ‘வச்சிருக்கேன்’ என்பதைத்தான் நம் பிள்ளைகள் ‘ஐ ஆம் ஹேவிங் எ பைக்’ ஆக்குகிறார்கள். உடைமைக்கு ‘ஹேவிங்’ வராது. சாப்பிடுவது, குளிப்பது மாதிரிச் செயல்களுக்கு வரும். ‘ஐ வாஸ் ஹேவிங் எ பைக்’ என்பதும் அதே தவறுதான். முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘யூஸ்ட் டு ஹேவ்’ இருக்கிறது. தமிழில் ‘முன்னாடியெல்லாம்’ என்று எங்கே தொடங்குவீர்களோ, அங்கே அதைப் போடலாம். பழைய பழக்கங்களைச் சொல்ல ‘வுட்’ உதவும். உடைமைக்கு அது பொருந்தாது. ‘முன்பு எங்களிடம் நிலம் இருந்தது’ என்பதற்கு ‘வி வுட் ஹேவ் லேண்ட்’ என்றால் கேட்பவருக்கு வேறு பொருள்தான் போய்ச் சேரும்.

இதுவரைக்கும் தமிழ் துணைக்கு வந்தது. அனுபவத்தைச் சொல்லும்போது அதே தமிழ் காலை வாரிவிடும் இடங்கள் உண்டு. வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது அங்கேதான்.

“காந்தி மதுரைக்கு வந்திருக்கிறார்.” நல்ல தமிழ். 1921 செப்டம்பர் 22-ல் அவர் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில்தான் என்று மேற்கொண்டும் பேசலாம். இதை அப்படியே ‘காந்தி ஹேஸ் கம் டு மதுரை’ என்று மாற்றினால், காந்தி இப்போது மதுரையில் வந்து இறங்கியிருக்கிறார் என்று ஆகிவிடும். ‘ஹேஸ் விசிட்டட்’ என்றாலும் சரிவராது. ஒரு மனிதரின் அனுபவத்தை ‘ஹேஸ்’ போட்டுச் சொல்ல அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆங்கிலம் எதிர்பார்க்கிறது. காலமானவருக்கு ‘காந்தி விசிட்டட் மதுரை’ என்பதே சரி.

ஆண்டு, தேதி, கிழமை வந்தாலும் இதே கதைதான். “போன வருஷம் கொடைக்கானல் போயிருக்கேன்” என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் இயர்’ வந்த வாக்கியத்தில் ‘ஹேவ்’ நிற்காது; ‘ஐ வென்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். “நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்” என்பதை ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு எ வெடிங்’ என்று சொல்லாத ஆளை நான் பார்த்தது அரிது. ‘இருந்தேன்’ என்றால் ‘ஹேட்’ என்று மனதில் பதிந்துவிட்டது. ‘ஹேட் கான்’ என்று கேட்டதும் ஆங்கிலக்காரர் அடுத்து ஏதோ நடந்தது என்று காத்திருப்பார். நீங்கள் எதுவும் சொல்ல மாட்டீர்கள். ‘ஐ வென்ட்’ போதும்.

அப்புறம் ‘போயிருக்கிறார்’. அப்பா எங்கே என்று யாராவது வாசலில் கேட்டால், “திருமங்கலம் போயிருக்கார்” என்கிறோம். இன்னும் திரும்பவில்லை என்று பொருள். “அப்பா காசிக்கெல்லாம் போயிருக்கார்” என்றால் போய்விட்டு வந்த அனுபவம். தமிழில் ஒரே சொல், இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹேஸ் கான்’, இரண்டாவது ‘ஹேஸ் பீன்’. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு பெங்களூர்’ என்பவரை, நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள் என்பதுபோல்தான் பார்ப்பார்கள்.

நேர்முகத் தேர்வில் அடிக்கடி கேட்கும் இன்னொன்று ‘ஐ ஹேட் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’. வேலையை விட்டாயிற்று, அதனால் ‘ஹேட்’ என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். விட்டது வேலையைத்தான், அனுபவம் உங்களோடுதான் இருக்கிறது. ‘ஐ வொர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் ஷோரூம் ஃபார் டூ இயர்ஸ்’ என்று வேலையைக் கடந்த காலத்தில் வையுங்கள். ‘ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று அனுபவத்தை நிகழ்காலத்தில் வையுங்கள். இன்னும் அதே கடையில் இருந்தால் ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்.’ ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ வேண்டாம். ‘சின்ஸ்’ தொடங்கிய நாளைக் கேட்கும், ‘ஃபார்’ எவ்வளவு காலம் என்று கேட்கும்.

வகுப்பில் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்பேன்: ‘ஹேவ் யூ எவர் சீன் இட்?’ ‘யெஸ், ஐ ஹேவ்’ என்று தொடங்க வேண்டும். அடுத்த வரியிலேயே ‘ஐ வென்ட் வித் மை கிராண்ட்மதர்’ என்று சாதாரண இறந்த காலத்துக்கு இறங்கிவிட வேண்டும். முழுக்கதையையும் ‘ஐ ஹேவ் கான், ஐ ஹேவ் சீன், ஐ ஹேவ் ஈட்டன்’ என்று இழுக்கக் கூடாது. வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில், தலைப்பு எழுதிய ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். அங்கேயும் இந்த இறக்கம் தெரிந்தால் பேச்சு தானாக ஓடும்.

அந்த மேலூர்ப் பெண்ணிடம் நேற்று, ஒரு காலத்தில் உங்கள் வீட்டில் இருந்த ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ‘மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு ஹேவ் டூ புல்லக்ஸ்’ என்று தொடங்கினார். ‘வென் ஹி சோல்ட் தெம்’ என்று சொல்லி நிறுத்தி, வாய்க்குள் “வருஷமா… வச்சிருந்தார்” என்று முணுமுணுத்துவிட்டு, ‘ஹி ஹேட் ஹேட் தெம் ஃபார் நைன் இயர்ஸ்’ என்று முடித்தார்.