பச்சையாக மின்னும் ஹாம் கெட்டுப்போனதா?

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய ஸ்லைஸ் ஹாமில் பாதிப் பாக்கெட் மிச்சம். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பார்த்தால் மேலே பச்சையும் செம்புநிறமுமாக மினுக்குகிறது. ‘என்னத்தையோ கலந்திருக்கிறான், தூக்கிப் போடு’ என்கிறார் மாமியார். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடலாமா?”

சாப்பிடலாம். ஆனால் வாசனை நன்றாக இருக்கிறது என்பதற்காக அல்ல. பாக்கெட்டைப் பிரித்து ஒருநாள்தான் ஆகிறது, ஃப்ரிட்ஜிலேயே இருந்திருக்கிறது, அதனால் சாப்பிடலாம். வாசனையை நம்பி ஹாமைச் சாப்பிடுவதும் மினுமினுப்பைப் பார்த்து எறிவதும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடை. கடையில் சதுரமாகவோ வட்டமாகவோ மெல்லிய ஸ்லைஸாகக் கிடைப்பது வேகவைத்த ரகம். உப்பு, கொஞ்சம் சர்க்கரை, பாஸ்பேட், துளியூண்டு சோடியம் நைட்ரைட் எல்லாம் கரைத்த நீரை ஊசிகளால் இறைச்சிக்குள் ஏற்றி, உருட்டிப் புரட்டி, அச்சில் அடைத்து வேகவைக்கிறார்கள். ஊர்ப்பக்கம் கொடியில் தொங்கும் உப்புக்கண்டமும் உப்பு போட்ட இறைச்சிதான். ஆனால் அது வெயிலில் தண்ணீரை எல்லாம் இழந்துவிடுவதால், பாக்டீரியாவுக்குக் குடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஹாம் நேரெதிர், அதற்குள் தண்ணீர் ஏற்றப்பட்டிருக்கிறது. உப்பு போட்ட பண்டம் கெடாது என்ற நம் பாட்டிகளின் கணக்கு இதற்குப் பொருந்தாது.

நைட்ரைட்டுக்கு இரண்டு வேலை. முதலாவது, பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சேற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தலைதூக்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அந்த பாக்டீரியா பிடிபட்டதே ஒரு ஹாமில்தான். 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன இசைக்குழுவினர் அங்கே ஹாம் சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். மிச்சமிருந்த ஹாமிலிருந்து நுண்ணுயிரியலாளர் எமில் வான் எர்மெங்கெம் அதைப் பிரித்தெடுத்தார்.

இரண்டாவது வேலை நிறம். சாதாரண இறைச்சி வெந்தால் பழுப்பாகிவிடும். ஹாம் மட்டும் ரோஜா நிறத்திலேயே நிற்கிறது. நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற சிவப்பு நிறமியின் இரும்பணுவைப் பிடித்துக்கொள்கிறது. வெந்த பிறகும் விடுவதில்லை. உப்பிட்ட இறைச்சியின் சிவப்பைப் பற்றி 1901இல் எழுதி இதைத் துலக்கியவர் பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். விஷவாயுவை முன்கூட்டியே அறிய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவரும் இவரே. இவருடைய மகன், மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன்தான் 1957இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

சரி, இந்த ரோஜா நிறத்தின் மேல் பச்சை எங்கிருந்து வந்தது?

அங்கே பச்சைச் சாயம் எதுவும் கிடையாது. மழை விட்ட ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில்லாக மின்னுவது போல, அமைப்பினால் மட்டுமே வரும் நிறம் இது. ஆனால் எண்ணெயில் இருப்பது ஒரே ஒரு மெல்லிய படலம். ஹாமில் இருப்பது அதைவிட எவ்வளவோ நேர்த்தியான ஏற்பாடு, எனக்கு அதன் மேல் ஒரு மயக்கமே உண்டு.

பள்ளியில் தசைநார் படம் வரைந்திருப்பீர்கள். ஒவ்வொரு நாருக்குள்ளும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள், ஒவ்வொரு இழையிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். மயோசின் என்ற புரதம் அடர்த்தியாக இருக்கும் இடம் கறுப்புப் பட்டை, அது இல்லாத இடம் வெள்ளைப் பட்டை. இப்படி ஒரு முழுச் சுற்று, அதாவது ஒரு சார்கோமியர், ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறு அடங்கும். இரண்டு பட்டைகளும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். பன்றி உயிரோடிருந்தவரை இந்தப் பட்டைகள் சுருங்கி விரிந்துதான் அது நடந்தது, ஓடியது.

இப்போது நாருக்குக் குறுக்கே கத்தியை வையுங்கள். நார்கள் எல்லாம் உங்களை நோக்கி நிமிர்ந்து நிற்கும். அவற்றின் பட்டைகள் வெட்டுப் பரப்புக்கு இணையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து விழும் ஒளி முதல் எல்லையில் கொஞ்சம் திரும்பும். மிச்சம் உள்ளே போகும். அடுத்த எல்லையில் இன்னும் கொஞ்சம் திரும்பும். இப்படியே கீழே கீழே. திரும்பி வரும் அலைகளில், முகடும் முகடும் சேர்ந்து விழும் அலைநீளம் பலத்து நிற்கும். முகடும் பள்ளமும் மோதுபவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பலத்து நிற்பது பல நேரம் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ அமைந்துவிடுகிறது. ஒளி சாய்வாக விழுந்தால் கடக்கும் தூரம் மாறும், உடனே நிறமும் மாறும்.

நெடுங்காலம் இதை வேறு மாதிரி விளக்கிவந்தார்கள்: வெட்டுப் பரப்பில் வரிவரியாக நிற்கும் நார் முனைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று. அண்மைய ஆராய்ச்சிகள் உள்ளடுக்குகளின் பக்கமே சாய்கின்றன. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால், இந்த மினுமினுப்பு எங்கே வராது என்று பாருங்கள். நாரின் நீளவாக்கில் வெட்டினால் வராது. மழுங்கிய கத்தியால் பிய்த்து வெட்டினால் வராது, பரப்பு குதறிப்போகும். அரைத்த இறைச்சியில் வரவே வராது, அடுக்கே கலைந்துவிட்டது. கடைக்காரரின் கூரான சுழல்கத்தி குறுக்கே வழுவழுப்பாகச் சீவினால்தான் வரும். உப்புநீரும் பாஸ்பேட்டும் புரதத்தை ஊதவைத்து இறைச்சியைச் சற்றுக் கண்ணாடி போலாக்குவதால், ஒளி ஆழமாகப் போய்வர வழியும் கிடைக்கிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு ஸ்லைஸை முள்கரண்டியில் எடுத்து, ஒற்றை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பச்சைத் திட்டு செம்புநிறமாகி, ஓரிடத்தில் சட்டென்று அணையும். பக்கத்துத் திட்டு அப்போது எரியும், ஏனென்றால் அங்கே நார்களின் சாய்வு வேறு. எப்படிச் சாய்த்தாலும் பச்சை பச்சையாகவே, மந்தமாக, சாம்பல் கலந்து உட்கார்ந்திருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில, காற்றுப் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கும். அது நிறமியில் இரும்பணுவைச் சூழ்ந்திருக்கும் வளையத்தையே சிதைத்துப் பச்சையாக்கும். அந்தப் பச்சை குப்பைக்கு.

ஹாமின் மினுமினுப்பை ஆராய யாரப்பா காசு கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தால் ‘சமுதாயத்துக்கு இதனால் என்ன பயன்’ என்றுதான் முதலில் கேட்பார்கள். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1930களில் பெங்களூரில் உட்கார்ந்து கிளிஞ்சல்களின் மினுமினுப்பையும் பறவை இறகுகளின் நிறங்களையும் ஆராய்ந்தாரே, அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஹாம் விஷயத்தில் பயன் கண்முன்னாலேயே இருக்கிறது: நல்ல உணவைக் கெட்டதென்று நினைத்து எறியும் ஒவ்வொரு வீட்டிலும். கிரகணத்தன்று தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் நாம், ஃப்ரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அந்த டிகிரிதான் அடுத்த விஷயம். ஹாம் கொழகொழத்து, புளித்த வாடை அடித்தால் அது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலை. ருசி போய்விடும், ஆனால் ஆளைச் சாய்க்கும் வகை அதுவல்ல. சாய்க்கக்கூடியது லிஸ்டீரியா என்ற பாக்டீரியா, அது வாடையே காட்டாது. மற்ற நோய்க்கிருமிகள் பெரும்பாலும் முடங்கிப்போகும் 4 டிகிரி செல்சியஸிலும் அது மெதுவாக, நிற்காமல் பெருகும். குளிரில் இறுகாதபடி தன் சவ்வின் கொழுப்பமிலங்களை மாற்றிக்கொள்ளும். இறைச்சியிலேயே இருக்கும் கார்னிடின் என்ற பொருளை உறிஞ்சிவைத்துக்கொண்டு குளிரையும் உப்பையும் ஒருசேரத் தாங்கும். அதற்கு வேண்டிய கவசத்தை ஹாமே கொடுக்கிறது! 2008இல் கனடாவிலேயே, ஸ்லைஸ் இறைச்சியால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலையின் ஸ்லைஸ் போடும் இயந்திரத்துக்குள், கழுவ எட்டாத இடத்தில் கிருமி குடியிருந்தது. 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய், 200க்கும் மேற்பட்டோர் மரணம்.

நல்ல உடல்நிலையில் இருப்பவரை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும்தான் ஆபத்து. ஆகவே மாமியாருக்கு வைக்கும் ஹாமை ஆவி பறக்கச் சூடாக்கியே வையுங்கள். உள்ளே 74 டிகிரி தொட்டால் லிஸ்டீரியா செத்துவிடும். ஆனால் சூடாக்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். விருந்து மேசையில் மணிக்கணக்கில் கிடந்த ஹாமில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தால், கொதிக்கவைத்தாலும் அதன் நஞ்சு அழியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தது போகட்டும், அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

பாக்கெட்டைப் பிரித்தபின் ஃப்ரிட்ஜில் மூன்று முதல் ஐந்து நாள். மேலே அச்சடித்திருக்கும் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும்தான். ஃப்ரிட்ஜ் கதவு அடிக்கடி சூடேறும் இடம். ஹாமை உள்ளே பின்பக்கம் தள்ளி வையுங்கள். கையால் எடுக்காமல் சுத்தமான முள்கரண்டியால் எடுத்து, மிச்சத்தைக் காற்றுப் போகாமல் ஒட்டிச் சுற்றி, மேலே அலுமினியத் தாளும் சுற்றுங்கள். வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் மயோகுளோபினின் இரும்பணுவிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கழன்றுவிடும், ஹாம் வெளிறிச் சாம்பல் நிறமாகும்.

ஐந்து நாளில் தீராது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் போடுங்கள், ஆனால் முதல் நாளே. ஐந்தாம் நாள் மனசு வந்து ஃப்ரீசருக்குள் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. உறையவைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவே. எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து எழும். இரண்டு மூன்று ஸ்லைஸுக்கு ஒரு பேக்கிங் தாள் இடையில் வைத்து, தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் உறையும், பனிப் படிகங்கள் சிறிதாக இருக்கும், இளக்கும்போது தண்ணீர் அதிகம் வடியாது. ஃப்ரீசரிலும் இரண்டு மாதத்துக்கு மேல் விட வேண்டாம். அந்தக் குளிரிலும் உப்பு கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். காறல் வாடை வந்துவிடும்.

சமைத்துத் தீர்ப்பதென்றால் கொதிக்கும் பண்டமே மேல். கனடாவின் க்யூபெக் மாகாணத்துக்காரர்களின் மஞ்சள் பட்டாணி சூப் இதற்காகவே பிறந்தது. பட்டாணி குழைந்ததும் பொடியாக நறுக்கிய ஹாமைப் போட்டு இன்னொரு கொதி விட்டால் போதும். ஹாங்காங் காபிக்கடைகளில் காலையில் தரும் மக்ரோனி சூப்பும் அதே வகை, பத்து நிமிட வேலை. ஃப்ரைடு ரைஸிலும் முட்டைப் பொரியலிலும் போடலாம். ஆனால் ஓரம் கறுக்கும்வரை வறுக்காதீர்கள், கடும் சூட்டில் நைட்ரைட்டிலிருந்து, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன்கள் உருவாகலாம். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. பண்டிகைக்கு வாங்கியதன் மிச்சத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், தினசரி டிபன் பாக்ஸில் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எதில் போட்டாலும் உப்பை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். சூப்பில் ஹாம் ஐந்து நிமிடம் கொதித்தபின் ருசி பாருங்கள். பெரும்பாலும் மிளகு மட்டும் தேவைப்படும்.