வாக்கு கூடியும் இடம் குறைந்தது எப்படி? பென்சில்வேனியாவின் தொகுதி வரைபடக் கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2012 நவம்பரில் நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் அனைவரும் சேர்ந்து 27,93,538 வாக்குகளைப் பெற்றார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர்களுக்கு 27,10,070 வாக்குகள் விழுந்தன. ஏறத்தாழ 83,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்ற கட்சிக்கு மாநிலத்தின் 18 இடங்களில் 5 மட்டுமே கிடைத்தன. மற்ற 13 இடங்களும் குறைவான வாக்கு பெற்ற கட்சிக்குப் போய்ச் சேர்ந்தன. வாக்குப்பதிவில் தில்லுமுல்லு எதுவும் இல்லை, எண்ணிக்கையிலும் பிழை இல்லை. 2014-லும் 2016-லும் வாக்கு விகிதங்கள் மாறின, ஆனால் 13-க்கு 5 என்ற முடிவு மட்டும் மாறவே இல்லை. இதற்கான காரணம், 2011 டிசம்பரில் சட்டமாக்கப்பட்ட தொகுதி வரைபடத்தில் இருந்தது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள் உள்ளன. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அவை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகின்றன. 2010 கணக்கெடுப்பின்படி பென்சில்வேனியாவில் 1,27,02,379 பேர் இருந்தார்கள். பிற மாநிலங்கள் வேகமாக வளர்ந்துவிட்டதால் அதன் இடங்கள் 19-இலிருந்து 18-ஆகக் குறைந்தன. ஒரு தொகுதி குறைந்தால் மாநிலம் முழுவதற்கும் புதிதாக எல்லை வரைந்தாக வேண்டும். இந்தியாவில் இந்த வேலையைத் தொகுதி மறுவரையறை ஆணையம் செய்கிறது. பென்சில்வேனியாவிலோ அதை மாநிலச் சட்டமன்றமே ஒரு சாதாரண மசோதாவைப் போல நிறைவேற்றுகிறது, ஆளுநர் கையெழுத்திடுகிறார். 2011-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியிடம் இருந்தன. தேர்தலில் நிற்கும் கட்சியே களத்தின் எல்லையையும் வரையலாம் என்ற இந்த ஏற்பாடுதான் பிரச்சினையின் வேர் என்று நான் கருதுகிறேன். வாய்ப்புக் கிடைத்த மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியும் இதையே செய்திருக்கிறது. மேரிலாந்தின் 2011 வரைபடம் அதற்குச் சான்று.

தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவின் வரைபடம் அந்த விதியை அப்படியே பின்பற்றியது: ஒவ்வொரு தொகுதியிலும் 7,05,688 பேர் அல்லது அதைவிட ஒருவர் குறைவு. மக்கள்தொகையை ஓர் ஆள் வரைக்கும் துல்லியமாகச் சமப்படுத்திவிட்டு, முடிவை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட முடியும் என்பதைப் பலர் எளிதில் நம்புவதில்லை. ஆனால் அதன் கணக்கு மிக எளியது.

500 வாக்காளர்களை எடுத்துக்கொள்வோம். 250 பேர் முதல் கட்சிக்கும் 250 பேர் இரண்டாம் கட்சிக்கும் வாக்களிப்பவர்கள். இவர்களை நூறு நூறு பேராக ஐந்து தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்சியின் 90 ஆதரவாளர்களை ஒரே தொகுதிக்குள் குவித்துவிட்டு, மீதி 160 பேரை மற்ற நான்கு தொகுதிகளில் நாற்பது நாற்பதாகச் சிதறவிட்டால், முதல் கட்சி ஓர் இடத்தில் 90-க்கு 10 என்று அமோகமாக வென்று, நான்கு இடங்களில் 40-க்கு 60 என்று தோற்கும். சரிபாதி ஆதரவுள்ள கட்சிக்கு ஐந்தில் ஓர் இடம். எதிரணியின் வாக்குகளைச் சில தொகுதிகளில் அளவுக்கு மீறிக் குவிப்பது, மிச்சத்தை வெற்றிக்குப் போதாத அளவில் சிதறடிப்பது ஆகிய இந்த இரண்டும்தான் உத்தி. 1812-இல் மசாசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் பெயரால் இது ஜெர்ரிமாண்டரிங் என்று அழைக்கப்படுகிறது. அவர் காலத்தில் ஊகத்தால் வரைந்தார்கள். இப்போது ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியின் பழைய முடிவுகளும் கணினியில் இருக்கின்றன. எல்லையை ஒரு தெரு நகர்த்தினால் வாக்குகள் எப்படி மாறும் என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.

2012 முடிவுகளில் இந்தச் சுவடு அப்படியே பதிந்திருக்கிறது. ஜனநாயகக் கட்சி வென்ற ஐந்து தொகுதிகளில் அதன் சராசரி வாக்கு 76.4 சதவீதம். குடியரசுக் கட்சி வென்ற பதின்மூன்றில் அதன் சராசரி 59.5 சதவீதம், அதாவது பாதுகாப்பாக வெல்லப் போதுமானது, வீணாகும் அளவுக்கு அதிகமில்லை. பிலடெல்பியாவின் புறநகரில் இருந்த 7-ஆம் தொகுதி ஐந்து கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளின்) துண்டுகளை ஒட்டி உருவாக்கப்பட்டது. கார்ட்டூன் பாத்திரமான கூஃபி டொனால்ட் டக்கை உதைப்பது போல இருக்கிறது என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தொகுதி தொடர்ச்சியான ஒரே நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்தத் தொகுதியின் இரு பெரும் பகுதிகளை ஓரிடத்தில் இணைத்தது ஓர் உணவகம் இருந்த மனை அளவே. இன்னோர் இடத்தில் ஒரு மருத்துவமனை வளாகம் அந்த வேலையைச் செய்தது. பக்கத்திலுள்ள மான்ட்கோமரி கவுண்டியின் மக்கள்தொகை ஒரு முழுத் தொகுதிக்கும் அதிகம். ஆனால் அது ஐந்து தொகுதிகளுக்குள் பிரிந்து கிடந்தது.

இந்தச் சாய்வை ஓர் எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. தோற்ற வேட்பாளருக்கு விழுந்த எல்லா வாக்குகளும், வென்ற வேட்பாளருக்குப் பாதிக்கு மேல் விழுந்த வாக்குகளும், இடம் பெற்றுத்தராதவை என்ற பொருளில் வீணானவை. ஒவ்வொரு கட்சிக்கும் வீணான வாக்குகளைக் கூட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்த வாக்குகளால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். மேலே சொன்ன 500 பேர் கணக்கில் முதல் கட்சிக்கு 200 வாக்குகளும் இரண்டாம் கட்சிக்கு 50 வாக்குகளும் வீணாகின்றன. வித்தியாசம் 30 சதவீதம். 2012 பென்சில்வேனியாவில் அது சுமார் 24 சதவீதம். சட்ட அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெஃபனோபோலஸும் அரசியல் ஆய்வாளர் எரிக் மெக்கீயும் முன்வைத்த இந்த அளவுகோல் எளிமையானது, பயனுள்ளது. ஆனால் சாய்வு இருக்கிறது என்பதற்கு அப்பால் அது எதையும் சொல்லாது. அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்கள் பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். பிலடெல்பியாவின் பல பகுதிகளில் பத்தில் ஒன்பது பேர் அந்தக் கட்சிக்கே வாக்களிப்பவர்கள். எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் ஒருவர் அங்கே தொகுதி வரைந்தாலும் அந்த வாக்குகள் குவியத்தான் செய்யும். ஆகவே விகிதாச்சாரப்படி இடம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு வரைபடத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வடிவம் கோணலாக இருப்பதும் போதிய சான்றாகாது: மலையும் ஆறும் கவுண்டி எல்லையும் கோணலானவை, அழகான வடிவமுள்ள தொகுதிகளாலும் அநீதியைச் செய்யலாம். நேர்மையாக வரைந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பது தெரிந்தால்தான், வந்திருப்பதை அதனோடு ஒப்பிட முடியும்.

இங்கேதான் கணினி அறிவியல் உள்ளே வருகிறது. லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்ற அமைப்பும் வாக்காளர்கள் சிலரும் 2017-இல் மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோவே சென் சாட்சியம் அளித்தார். அவருடைய நிரலுக்குக் கட்சி விவரம் எதுவும் கொடுக்கப்படவில்லை. மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும், தொகுதி தொடர்ச்சியாகவும் கச்சிதமாகவும் இருக்க வேண்டும், கவுண்டிகளையும் ஊர்களையும் இயன்றவரை உடைக்கக் கூடாது என்ற மரபான விதிகள் மட்டுமே அதற்குத் தெரியும். அந்த விதிகளுக்கு உட்பட்டு, நிலத்துண்டுகளைச் சீரற்ற முறையில் சேர்த்துச் சேர்த்து அது 500 முழு வரைபடங்களை உருவாக்கியது. பிறகு, முந்தைய தேர்தல்களில் ஒவ்வொரு பகுதியிலும் விழுந்த உண்மையான வாக்குகளை ஒவ்வொரு வரைபடத்தின் மீதும் பொருத்தி, எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதிகள் வருகின்றன என்று எண்ணினார்கள்.

மக்கள் எங்கே வாழ்கிறார்களோ அங்கேயே இருக்கிறார்கள் என்பது இந்தச் சோதனையின் அழகு. நகரக் குவிப்பின் விளைவு அந்த 500 வரைபடங்களிலும் தானாகவே அடங்கிவிடுகிறது. குடியரசுக் கட்சிக்கு அதனால் ஒரு சிறிய அனுகூலம் இருப்பதையும் சென் ஒப்புக்கொண்டார். ஆனால் 500-இல் ஒரு வரைபடம்கூட அந்தக் கட்சிக்கு 13 இடங்களைத் தரவில்லை. பதவியில் இருக்கும் உறுப்பினர்கள் ஒரே தொகுதியில் மோதிக்கொள்ளாமல் காக்கத்தான் அப்படி வரைந்திருப்பார்களோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அந்த நிபந்தனையையும் சேர்த்து இன்னும் 500 வரைபடங்களை உருவாக்கினார். அவற்றிலும் 13 வரவில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வெஸ்லி பெக்டன் வேறு வழியில் வந்தார். சென்னின் முறைக்கு ஒரு எதிர்வாதம் உண்டு: சாத்தியமான வரைபடங்கள் எண்ணிலடங்காதவை, அவற்றில் 500-ஐ எடுத்தால் அந்த மாதிரி சரியானதுதானா என்று கேட்கலாம். பெக்டன் புதிய வரைபடத்தைத் தேடவில்லை. சட்டமன்றம் வரைந்ததையே தொடக்கமாக வைத்துக்கொண்டார். எல்லையோரத்தில் உள்ள ஒரு வாக்குச்சாவடிப் பகுதியைச் சீரற்ற முறையில் தேர்ந்து பக்கத்துத் தொகுதிக்கு மாற்றுவது, விதி மீறப்படாவிட்டால் அதை ஏற்பது, சாய்வை அளப்பது, மறுபடி இன்னொரு சிறு மாற்றம் என்று கணினி நடந்துகொண்டே போகும். மார்க்கோவ் சங்கிலி என்று கணிதத்தில் சொல்லப்படும் இந்த நடை சுமார் ஒரு லட்சம் கோடி வரைபடங்களைக் கடந்து சென்றது. நேர்மையாக வரைந்த ஒன்றை இப்படி லேசாக அசைத்தால் சாய்வு சில முறை கூடும், சில முறை குறையும். இந்த வரைபடத்தை எந்தப் பக்கம் அசைத்தாலும் சாய்வு ஏறக்குறைய எப்போதும் குறைந்தது. வழியில் வந்தவற்றில் 99.999999 சதவீதத்தைவிட அது அதிகம் சாய்ந்திருந்தது. மிக நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்த ஒரு பொருள்தான், தொட்டவுடன் கலைகிற இந்தப் பண்பைக் காட்டும். ஒருவர் மனத்திலிருந்த நோக்கத்தை அவர் வாய்திறக்காமலே கணிதம் வெளிக்கொண்டுவந்த அபூர்வமான இடங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

2018 ஜனவரி 22 அன்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தை ரத்து செய்தது. தேர்தல்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சாசனம் சொல்வதை அது ஆதாரமாகக் கொண்டது. அங்கே நீதிபதிகளும் கட்சிச் சீட்டில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியினர் என்பதால் தீர்ப்பின் மீது கடும் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாது. கெடுவுக்குள் சட்டமன்றமும் ஆளுநரும் உடன்படாததால், ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் நதானியேல் பெர்சிலியின் உதவியோடு பிப்ரவரி 19 அன்று நீதிமன்றமே ஒரு வரைபடத்தை வெளியிட்டது. பழையது 28 கவுண்டிகளை உடைத்திருந்தது, புதியது 13-ஐ மட்டும் உடைத்தது.

அந்த நவம்பரில் இரு கட்சிகளும் ஒன்பது ஒன்பது இடங்களைப் பெற்றன. அதுவரை முழுக்க ஆண்களாக இருந்த, பிரதிநிதிகள் சபையின் பென்சில்வேனியா உறுப்பினர் குழுவில் மேட்லின் டீன், மேரி கே ஸ்கேன்லன், கிரிஸ்ஸி ஹூலஹன், சூசன் வைல்ட் என்று நான்கு பெண்கள் நுழைந்தார்கள். இந்த மாற்றம் முழுவதையும் வரைபடத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2018-இல் நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவாகக் காற்று வீசியது. மறுபுறம், அந்தக் கட்சி மாநிலத்தில் சுமார் 55 சதவீத வாக்குகளைப் பெற்றும் பாதி இடங்களே கிடைத்தன. பிட்ஸ்பர்க் தொகுதியில் எதிர்க்கட்சி வேட்பாளரே நிற்காததால் அந்த 55 சற்றுப் பெருத்த எண். அதைக் கழித்தாலும் நகரக் குவிப்பின் விலை மிச்சமிருப்பது தெரிகிறது. சென் சொன்ன சிறிய அனுகூலம் இதுதான். நேர்மையான வரைபடம் அதை நீக்காது, பெரிதாக்காமல் விடும், அவ்வளவே.

கட்சி நோக்கில் எல்லை வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்தது. அதனால் மாநில அரசியல் சாசனங்களும் மாநில நீதிமன்றங்களுமே இன்று இத்தகைய கணக்குகளைக் கேட்கும் இடங்கள். 2020 கணக்கெடுப்பில் பென்சில்வேனியா இன்னோர் இடத்தை இழந்து 17-க்கு வந்தது. சட்டமன்றமும் ஆளுநரும் மறுபடி உடன்படாததால், ஸ்டான்ஃபோர்டு அரசியல் அறிஞர் ஜோனதன் ரோடன் வரைந்த திட்டத்தை 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு 9, குடியரசுக் கட்சிக்கு 8. மாநிலத்தின் மனநிலை சற்றே திரும்பிய 2024-இல் அதே எல்லைகளுக்குள் 7-ஆம், 8-ஆம் தொகுதிகள் மிகக் குறுகிய வித்தியாசத்தில் கைமாறி, கணக்கு 7-க்கு 10 என்றானது. 2011 வரைபடத்தின் கீழ் நடந்த மூன்று பொதுத் தேர்தல்களிலும் அப்படி ஒரு தொகுதிகூடக் கட்சி மாறியதில்லை.