சேலத்து 40 டிகிரியில் ஒரு ப்ராசசர் கூலர்

மே மாத மத்தியானத்தில், சேலத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு விலை கொடுத்துக் கூலர் (உலோகத் தகடுகளும் பேனும் சேர்ந்த குளிர்விப்பான்) வாங்கி மாட்டினாலும், கணக்குகளைச் செய்யும் சிப்பான ப்ராசசர் 40-க்குக் கீழே இறங்காது. ப்ராசசரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் கொட்டுவதோடு கூலரின் வேலை முடிந்தது. அறையைவிட ப்ராசசர் எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்பதில்தான் நல்ல கூலருக்கும் சுமாரான கூலருக்கும் வித்தியாசம்.

இன்டெல் ஐ5-12400 என்ற ப்ராசசரை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கலாம். அத்தனை சூடும் சுமார் 2 சதுர செ.மீ. சிலிக்கானில் பிறக்கிறது. 100 டிகிரியைத் தொட்டால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடவே வந்த கூலர் அதை அறையைவிட 60 டிகிரி கூடுதலில் வைத்திருப்பதாகக் கொண்டால், சேலத்து மே மாதத்தில் கணக்கு நேராக 100-ல் போய் முட்டுகிறது. இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டர் மதியத்துக்கு மேல் மந்தமானால், சாப்ட்வேரைத் திட்டும் முன் இதைப் பார்க்கலாம். நல்ல கூலர் அந்த 60-ஐ 40 ஆக்கும். கொடுக்கிற காசு அதற்குத்தான்.

ப்ராசசரின் உலோக மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழவென்று தெரியும். நுணுகிப் பார்த்தால் இரண்டிலும் மேடும் பள்ளமும்தான். ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் மேடுகள் மட்டும் தொடும், மீதி இடத்தில் காற்று. செம்பு காற்றைவிட சுமார் 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்கிற, சூட்டைக் கடத்தும் பசை. அது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் தேவலை. ஆனால் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் தாராளமாக அப்புவதில் லாபமில்லை. பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணியைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு சொட்டு வைத்தால் போதும். கூலரை அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும்.

அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கம் இடைவெளி விழும். எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டு சுற்றாக முறுக்குவது அதற்காகத்தான். அப்புறம், அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை மாட்டும் முன்பே உரித்துவிட வேண்டும்!

கூலரின் அடியிலிருந்து தகடுகளுக்கு மேலேறும் செம்புக் குழாய்கள் உள்ளே கெட்டியல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளி தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் 50, 60 டிகிரியிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகி, தகடுகள் இருக்கும் பக்கம் ஓடிக் குளிர்ந்து, உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வருகிறது.

ஏற்காட்டில் சோறு வேகச் சற்று நேரமாகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மூடிய குழாய்க்கு வெளி அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. பேனுக்குத்தான் பொருட்டு. அது தள்ளும் காற்றின் கன அளவு மாறாது, ஆனால் மேலே அழுத்தம் குறைவு என்பதால் காற்று லேசு, அது அள்ளிப்போகும் சூடும் குறைவு. அதற்காக முழு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் சேலத்துச் சூடான காற்றும் விரிந்து லேசானதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 25 டிகிரி ஏற்காட்டுக் காற்று 40 டிகிரி சேலத்துக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு. அந்த 60 டிகிரி கூடுதல் சில டிகிரி ஏறலாம். அறையோ 15 டிகிரி இறங்கிவிட்டது. மலைக்கே ஜெயம்.

மூடுபனி ஜன்னல் வழியே வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசரில் ஈரம் கோக்காது, அது காற்றைவிடச் சூடாக இருப்பதால். சேலத்தில் தறிக்கூடம் பக்கத்தில் இருந்தால் தொல்லை வேறு: பஞ்சுத் தூசி தகடுகளுக்கு நடுவே பாயாகப் படிந்து காற்றை மறிக்கும். ப்ளோயரால் ஊதலாம். ஊதும்போது பேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.