நடப்பதற்குத்தானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் புதுச்சேரியில் என் அலுவலகத்துக்கு மறுபடியும் அதே கோரிக்கை வந்தது. பழைய இரும்புப் பாலத்தில் இனி வண்டி போகாதாம். "மக்கள் நடப்பதற்குத்தானே சார், பெயின்ட் அடித்து விளக்குப் போட்டுவிடுகிறோம், பாலம் உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழ் மட்டும் கொடுங்கள்." இந்த ஆண்டில் இது மூன்றாவது. ஆய்வு செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

நடப்பவர்களுக்கு எடை இல்லையா? 3 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளமுள்ள பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூடுவதுபோல் அதன்மேல் கூட்டம் நெருக்கி நின்றால், சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்கிடுகிறோம். மொத்தம் 45 டன். முழுச் சரக்கேற்றிய பத்துச் சக்கர லாரியே ஏறக்குறைய 28 டன்தான். அதுவும் கடந்து போய்விடும். கூட்டம் படம் எடுக்க ஒரே ஓரமாக ஒதுங்கி நிற்கும். புனே அருகே குண்ட்மாலாவில் 2025 ஜூனில் இடிந்து நான்கு உயிர்களைப் பறித்ததும் நடந்து கடக்கும் இரும்புப் பாலம்தான்.

பெயின்ட் மருந்தாகாது. நம் உப்புக் காற்றில் தகடுகளுக்கு இடையே துரு ஊதிப் பெருத்து அவற்றைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலையையே பிய்த்துவிடும். மேலே பூசினால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ரிவெட்டின் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் விரல் சொல்லிவிடும்.

இடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதைக் கேட்டால் இன்னும் கோபம் வரும். இரும்புச் சட்டங்களை முக்கோணமாகக் கோத்த ட்ரஸ் பாலத்தில் பழுதான உறுப்பை மட்டும், தகுந்த முட்டுக் கொடுத்து, கழற்றி மாற்றலாம். அகமதாபாத்தில் 1892-இன் எல்லிஸ் பாலத்தை வைத்துக்கொண்டே இருபுறமும் புதுப் பாலம் கட்டினார்கள். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1889-இல் திறந்த ரயில் பாலம், 1974 தீ விபத்துக்குப் பின் கைவிடப்பட்டு, 2009-இல் நடைபாதையானது.

தளத்துக்குக் கான்கிரீட் போடாதீர்கள். 10 சென்டிமீட்டர் கனமே சதுர மீட்டருக்கு 250 கிலோ. மரப்பலகை அல்லது கம்பித்தட்டி போதும். பூந்தொட்டிகள் வேண்டவே வேண்டாம். தேனிரும்பா (அந்தக்காலத்தில் அடித்து உருவாக்கிய இரும்பு) எஃகா என்று சோதிக்காமல் வெல்டிங் கம்பியைத் தொடக்கூடாது. தேனிரும்பு அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். திருவிழா நாளில் ஆளை எண்ணி உள்ளே விடுங்கள்.

நிதி வரவில்லை என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கீழ் மூட்டுகளில் தேங்கிய மண்ணையும் சருகையும் வழித்தெடுங்கள். அதற்கு இரண்டு ஆட்களும் ஒரு கம்பிப் பிரஷும் போதும்.