காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தால் எங்கட கரைக்கு என்ன வரும்?

யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற காங்கேசன்துறைப் பக்கம் போனால் இரண்டு கப்பல்களின் கதை ஒன்றாகக் கலந்து காதில் விழுகிறது. ஒன்று தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் நாகப்பட்டினம் கப்பல். மற்றது துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல். ஒரே துறைமுகத்துக்கு வருவதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள்.

நாகப்பட்டினம் கப்பலில் வருபவர் பெட்டியோடு இறங்கி, யாழ்ப்பாணத்தில் நல்லூரிலோ திருநெல்வேலியிலோ நாலு நாள் தங்குவார். சொகுசுக் கப்பலில் வருபவருக்குப் படுக்கையும் சாப்பாடும் கப்பலிலேயே. காலையில் இறங்கி, பொழுது சாய முன்னம் திரும்பிவிடுவார். முன்னவரை நம்பி விடுதி நடத்தலாம். பின்னவரை நம்பி அறை கட்டினால் அது வெறுமனே கிடக்கும். கடன் எடுத்துத் தொழில் தொடங்க நினைக்கும் ஊர்ப் பிள்ளைகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சொகுசுக் கப்பல் பேச்சுக்குப் பின்னால் இந்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. 'குரூஸ் பாரத் மிஷன்' என்று பெயர். 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி மும்பைத் துறைமுகத்தில் அந்நாட்டுத் துறைமுக அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். மூன்று கட்டங்களாக 2029 மார்ச் வரை நடக்கும். முதலாம் கட்டம் ஆய்வும் திட்டமிடலும். 2025 ஒக்டோபரிலிருந்து இரண்டாம் கட்டத்தில் புதிய முனையங்கள். 2027 ஏப்ரலிலிருந்து மூன்றாம் கட்டத்தில், துணைக்கண்டத்தின் கப்பல் சுற்றுகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைப்பது. கடல் கப்பல்களில் 10 இலட்சம் பயணிகள், ஆற்றுக் கப்பல்களில் 15 இலட்சம் பயணிகள் என்பது இலக்கு. அதற்காக 10 கடல் முனையங்கள், 100 ஆற்று முனையங்கள், உல்லாசப் படகுகளைக் கட்டி நிறுத்துவதற்கு 5 படகுத்துறைகள்.

ஆற்றுப் பகுதி எங்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு ஓடுவது. ஆனால் அந்தத் திட்டத்தில் தீவுகளுக்கிடையிலான பயணத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு உண்டு. நயினாதீவையும் நெடுந்தீவையும் வைத்திருக்கிற நாங்கள் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இது இந்தியத் துறைமுகங்களுக்கான திட்டம். எங்களுக்கு அதில் உள்ள பிடி, அயல் நாடுகளோடு கப்பல் கூட்டு ஏற்படுத்துவோம் என்று முதலாம் கட்டத்தில் சொல்லியிருப்பது. அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற கப்பலின் இலங்கைப் பயணம் தொடக்கிவைக்கப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பது அதன் வழி. ஜூன் 16ஆம் திகதி அது இங்கே வந்த நாளில்தான் காங்கேசன்துறையின் புதிய பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்துவதற்கான பணம் வேறு கணக்கு. 2018 ஜனவரியில் இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனாக 4 கோடியே 52 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு ஒப்பந்தமானது. வருடக்கணக்கில் இழுபட்டு, பிறகு அது நன்கொடையாக மாறியது. தொகை 6 கோடியே 15 இலட்சம் டொலர். 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லி போனபோது வெளிவந்த கூட்டறிக்கையிலும் நன்கொடை என்றே இருக்கிறது. திருப்பிக் கட்டவேண்டாத பணம். துறைமுகத்தின் உரிமையும் நிர்வாகமும் இலங்கைத் துறைமுக அதிகார சபையிடம்தான்.

அந்தப் பணம் எதற்கு வேண்டும் என்பதை வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கரையில் நின்று பார்த்தால் விளங்கும். எங்கள் வடகரை அந்தக் காற்றுக்கு நேரே முகம் கொடுக்கிறது. அலைதடுப்பு அணை பலமில்லாவிட்டால் துறைமுகத்துக்குள்ளேயே கப்பல் ஆடும். ஆழம் போதாவிட்டால் பெரிய கப்பல் வெளியில் நங்கூரமிட, பயணிகளைப் படகில் இறக்கவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கிய 'செரியாபாணி' ஒரு கிழமைக்குள் பருவமழை காரணமாக நின்றது. பிறகு 2024 ஓகஸ்டில்தான் 'சிவகங்கை' வந்தது. ஆகவே கட்டடத்துக்குப் பூசும் வர்ணத்தைவிட, கடலுக்குள் போடும் கல்லும் தோண்டும் மண்ணும்தான் இதில் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கப்பல் வந்து நின்றுவிட்டது என்று வைப்போம். பயணியின் கையில் ஆறு, ஏழு மணித்தியாலம் இருக்கும். கீரிமலை, மாவிட்டபுரம், கந்தரோடை என்று கிட்டிய இடங்களைப் பார்த்து, யாழ்ப்பாணக் கோட்டையும் நூலகமும் பார்த்துத் திரும்பலாம். நயினாதீவு என்றால் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் போய்ப் படகு ஏறவேண்டும். இறங்குதுறையில் வரிசையில் நின்றே பாதி நேரம் போனால் எந்தக் கப்பல் முகவரும் இரண்டாம் முறை அந்தப் பயணத்தை விற்கமாட்டார். குறிகட்டுவானில் தடுக்கி விழாமல் ஏறி இறங்க ஒரு நல்ல மேடை, நிழல், சுத்தமான கழிப்பறை. இவை காங்கேசன்துறை முனையத்துக்குச் சமமான தேவைகள். அதைவிட, நாள்தோறும் அந்தப் படகில் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் தீவு மக்களுக்கு அவை எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. பயணிகள் வரும் நாளில் ஊர்ச்சனத்தைப் படகிலிருந்து இறக்கிவிட்டுக் காத்திருக்கச் சொல்லும் நிலை ஒருபோதும் வரக்கூடாது.

இதில் உழைக்க விரும்புகிறவர்களுக்கு: சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாடு முழுவதற்கும், ஒரு பிரதேசத்துக்கு, ஒரே ஓர் இடத்துக்கு என்று வகைகள் உண்டு. ஊரை விட்டுப் போகாமல் உழைக்க நினைக்கும் பிள்ளைகளுக்குப் பின்னைய இரண்டும் நல்ல வழி. மீன்பிடிப் படகில் ஆட்களை ஏற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்தொழில் திணைக்களத்தின் பதிவு தொழிலுக்குப் போவதற்கானது. பயணிகளை ஏற்ற அது போதாது. உயிர்காப்பு அங்கியும் காப்புறுதியும் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

கரையோரத்தில் கடை, விடுதி, தட்டி எதைப் போட நினைத்தாலும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி தேவை.

துறைமுக வேலையால் வலை போடும் இடம் போகுமா, படகைக் கட்டி நிறுத்தும் கரை மறிபடுமா என்ற பயம் கடற்தொழிலாளர்களிடம் இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் எழும்பிப் போய், பல வருடம் கழித்துத் தங்கள் காணியைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம். இதற்குச் சட்டம் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. ஒரு வேலைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கோரப்பட்டால், அது 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

மற்றது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். துறைமுக அதிகார சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். வரைபடத்தின் பிரதி, அலைதடுப்பு அணை போகும் எல்லை, தோண்டும் மண்ணைக் கொட்டும் இடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். கடற்தொழிலாளர் சங்கத்தின் பெயரில் ஒன்று, தனியாள் பெயரில் ஒன்று என இரண்டு விண்ணப்பமாகப் போடுவது நல்லது. கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். நாட்கணக்கு அந்தத் திகதியிலிருந்துதான் ஓடும்.