துகள் மோதலும் வேலந்தாவளம் சாவடியும்

தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் எல்லா லாரியையும் நிறுத்திச் சரக்கை இறக்கிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வண்டி வரிசை கோயமுத்தூர் வரைக்கும் நிற்கும். தார்ப்பாயையும் டயர் அமுங்கியிருப்பதையும் நோட்டம் விட்டு, சந்தேகம் வந்த வண்டியை மட்டும் ஓரங்கட்டுவார்கள். ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வகத்திலும் நடப்பது இதுதான். வேகம்தான் பயங்கரம்.

அங்குள்ள மோதுவி என்னும் வளையக் கருவியில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி முறை எதிரெதிரே கடக்கின்றன; கடக்கும்போது சில புரோட்டான்கள் மோதிக்கொள்கின்றன. ஒரு கடப்பின் பதிவு 1 மெகாபைட் என்று வைத்தாலும் நொடிக்கு 40 டெராபைட். எந்த டிஸ்க்கும் தாங்காது. அதனால் அங்கே நடக்கும் சோதனைகளில் ஒன்றான சிஎம்எஸ்ஸில் முதல் தேர்வை மின்சுற்றுகளே செய்கின்றன, அதுவும் சுமார் 4 மைக்ரோநொடிக்குள். நொடிக்கு 1 லட்சம் பதிவுதான் தப்பிப் பிழைக்கும். அப்புறம் கணினிகளில் ஓடும் மென்பொருள் அதையும் அலசி, சில ஆயிரத்தை வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் போனது போனதுதான். நிரலில் பிழை இருந்து நல்ல மோதல் ஒன்று தவறிவிட்டால் மீட்க வழியே இல்லை. சாவடியிலாவது துரத்திப் பிடிக்கலாம்.

எனக்கு இதைவிட மலைப்பாகத் தெரிவது தடம் பிடிக்கும் வேலை, அதாவது துகள் போன பாதையைக் கண்டுபிடிப்பது. மோதலில் சிதறும் துகளை யாரும் படம் எடுப்பதில்லை. மோதும் இடத்தைச் சுற்றியுள்ள உணரியின் அடுக்குகளைத் துளைத்துப் போகும்போது அடுக்குக்கு ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். பத்து அடுக்கு, அடுக்குக்கு ஆயிரம் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளி எந்தத் துகளுடையது? எல்லாச் சேர்க்கையையும் பார்ப்பதென்றால் 1-க்குப் பின் 30 சுழியம். அதனால் மூன்று புள்ளி பொருந்தினால் ஒரு வளைகோடு போட்டு, அடுத்த அடுக்கில் எங்கே விழுந்திருக்கும் என்று ஊகித்து, அங்கே புள்ளி இருந்தால் கோட்டைத் திருத்திக்கொண்டே போகிறது நிரல். இந்தக் கணக்குமுறை 1960-இல் ருடால்ஃப் கால்மன் கொடுத்தது. அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டியதும் இதுவே.

இப்போது ஒரே கடப்பில் 60 மோதல் வரை ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மேம்படுத்திய மோதுவியில் 200 வரை போகும். தடம் பிடிக்கும் நேரமோ மும்மடங்கோடு நிற்காது. தப்பான சேர்க்கைகள் அதைவிட வேகமாகப் பெருகும். வேகமான சிப் வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. செயலிகளின் கடிகார வேகம் 2005 வாக்கிலேயே ஏறக்குறைய நின்றுபோனது.

ஆகவே வீடியோ கேமுக்கென்று பிறந்த ஜிபியு என்னும் சிப் பக்கம் சாய்கிறார்கள். செர்னின் இன்னொரு சோதனையான எல்எச்சிபி 2022 முதல் தன் முதல் கட்டத் தேர்வை அதில்தான் ஓட்டுகிறது. ஆனால் பல பேர் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த சி++ நிரல் அப்படியே அதில் ஏறாது. ஏற்றினாலும் ஒரு வம்பு: தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கம் மாறும். விளிம்பில் நிற்கும் மோதல் ஒரு கணினியில் தேறும், இன்னொன்றில் தேறாது. இது பிழையா, இயல்பா என்று பிரித்துச் சொல்ல யாராவது உட்கார வேண்டும். பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்தான் சிக்குவார்.