கவசதாரியா, ஆயுததாரியா, உதவிக்காரரா?

போதகருக்குப் பின்னால் நின்று அவருடைய பையையும் வேதாகமத்தையும் தூக்கிக்கொண்டு, கூட்டம் முடியும்வரை கூடவே இருந்து உதவுகிறவருக்கு இப்போது ‘கவசதாரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஆர்மர் பேரர்’ (armour-bearer) என்பதன் தமிழாக்கமாம். பழைய ஏற்பாட்டில் போர்த்தலைவனின் ஆயுதங்களைச் சுமந்து கூடவே போகிறவனுக்கு ஆங்கில வேதாகமம் தந்த பெயர் அது. ஊழிய நூல்களின் மொழிபெயர்ப்பிலும் மேடைப் பேச்சிலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எபிரெயத்தில் ‘நோசே கேலிம்’. நோசே என்றால் சுமக்கிறவன். கேலி (நம்முடைய கேலி அல்ல) என்றால் பாத்திரம், கருவி, ஆயுதம் எதுவாகவும் இருக்கலாம். ஆலயத்துப் பணிமுட்டுகளுக்கும், அதாவது வழிபாட்டுக் கருவிகளுக்கும், இதே சொல்தான். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் இதை ‘ஆர்மர் பேரர்’ என்றது. அந்தக் காலத்து ‘ஆர்மர்’ ஆயுதங்களையும் உள்ளடக்கிய சொல். நம் பழைய தமிழ் வேதாகமம் ‘ஆயுததாரி’ என்றது.

ஆக, மூலத்தில் கவசம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருளை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டுக் கவசத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தத் ‘தாரி’யை என்ன செய்வது? தரித்தல் என்றால் அணிதல். வேடதாரி வேடம் போட்டவர், கிரீடதாரி முடி சூடியவர். அப்படியானால் கவசதாரி யார்? கவசத்தை மாட்டிக்கொண்டு போருக்குக் கிளம்புகிறவர், அதாவது தலைவர். சுமக்கிறவருக்கு வைத்த பெயர் சுமக்க வைக்கிறவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

‘சரி, பழைய வேதாகமத்தின் ஆயுததாரியே இருக்கட்டுமே’ என்பார்கள். அதிலும் இதே ‘தாரி’ச் சிக்கல் இருக்கிறது. எபேசியர் 6:11 எல்லா விசுவாசிகளையும் பார்த்து ‘சர்வாயுதவர்க்கத்தையும்’ தரித்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்கில் சபையில் உள்ள அத்தனை பேரும் ஆயுததாரிகள்தான். அதைவிடப் பெரிய தொல்லை, இன்றைய செய்திகளில், குறிப்பாக இலங்கைத் தமிழ்ச் செய்திகளில், ஆயுததாரி என்றால் துப்பாக்கியோடு வந்தவன். ‘எங்கள் போதகரின் ஆயுததாரி நாளை வருவார்’ என்று யாராவது தகவல் அனுப்பினால், சபைக்குப் புதியவர் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார்.

தனித்தமிழ் ஆர்வலர்கள் ‘படைக்கலந்தாங்கி’யை நீட்டுகிறார்கள். சொல் தூய்மையானது, மறுக்கவில்லை. ஆனால் சுமைதாங்கி, இடிதாங்கி என்று பழகிய காதுக்கு அது ஆளாகவே கேட்காது, ஏதோ மூலையில் நிறுத்திவைத்த பொருளாகத்தான் கேட்கும். உண்மையாய் உழைக்கிற ஒருவரை மேசை நாற்காலியோடு சேர்த்துவிடுவதா?

வேடிக்கை என்னவென்றால், பழைய மொழிபெயர்ப்பாளர்களே ஓரிடத்தில் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏசாயா 52:11இல் அதே எபிரெயத் தொடர்தான் வருகிறது. அங்கே ‘கர்த்தருடைய பாத்திரங்களைச் சுமக்கிறவர்களே’ என்று எழுதினார்கள். தாரியும் இல்லை, தாங்கியும் இல்லை. இதை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் கவசதாரி பிறந்தே இருக்க மாட்டார்.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. படைக்களத்துச் சொல்லைச் சபைக்குள் கொண்டுவந்ததும், தலைவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவதுதான் உண்மையான சேவை என்கிற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. சவுல் அரசனின் மகன் யோனத்தானோடு பாறை ஏறிய ஆயுததாரி வாலிபனை (1 சாமுவேல் 14) எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். உம்முடைய மனதுக்கு ஏற்றபடி செய்யும், நான் கூட வருகிறேன் என்றவன் அவன், பெயர்கூடப் பதிவாகவில்லை. நல்லது. ஆனால் தன்னைக் குத்திக் கொல்லும்படி சவுல் கேட்டபோது, பயத்தினால் மாட்டேன் என்று நின்றவனும் ஆயுததாரிதான் (1 சாமுவேல் 31:4). அபிமெலேக்கு என்ற அரசன் அதையே கேட்டபோது தயங்காமல் குத்தியவனும் ஆயுததாரிதான் (நியாயாதிபதிகள் 9:54). தாவீது அரசனின் படைத்தலைவன் யோவாபின் ஆயுததாரிகள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு தாவீதின் மகன் அப்சலோமை அடித்துக் கொன்றார்கள். இத்தனையும் அடங்கிய சொல்லை ஓர் ஊழியப் பட்டமாக்குகிறவர்கள் முதல் கதையோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் சபைப் பணிகளின் பட்டியல் எதிலும் ஆயுததாரி என்று ஒருவர் கிடையாது. அங்கே இருக்கிற சொற்கள் எளிமையானவை. எப்பாப்பிரோதீத்து என்ற ஊழியரை அப்போஸ்தலன் பவுல் சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன் என்கிறார் (பிலிப்பியர் 2:25). ‘உடன்’ என்ற ஒரே ஒட்டு தோளோடு தோளாக நிறுத்திவிடுகிறது பாருங்கள். பவுலோடும் பர்னபாவோடும் போன மாற்கு என்னும் யோவான் ‘உதவிக்காரன்’ (அப்போஸ்தலர் 13:5). அவன் நடுவழியில் திரும்பிப் போனான். பிற்காலத்தில் அவனையே ஊழியத்துக்குப் பயனுள்ளவன் என்று பவுல் கேட்டு வரவழைத்தார்.

‘உதவிக்காரர்’ என்பதுதான் என் தேர்வு. அது 1 தீமோத்தேயு 3இல் சபையின் ஒரு பொறுப்புக்கு வைத்த பெயராயிற்றே, குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது. மாற்கு எந்தப் பொறுப்பிலும் அமர்த்தப்பட்டதாக அப்போஸ்தலர் 13 சொல்லவில்லை, அவனுக்கே அந்தச் சொல் வழங்கியிருக்கிறது. பொறுப்பைக் குறிக்கவேண்டிய இடத்தில் ‘சபை உதவிக்காரர்’ என்று ஓர் அடை சேர்த்தால் போதும். பதவிப் பெயர் போலக் கேட்கவில்லை, கெத்து குறைகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பில்லை.

சாமுவேலின் புத்தகத்தை மேற்கோள் காட்டும்போது ஆயுததாரியை அப்படியே விடுங்கள், அது அச்சில் உள்ள சொல். அதை விளக்கும்போது ‘ஆயுதம் சுமப்பவர்’ என்று எழுதுங்கள். இன்றைய சபையில் தலைவருக்குத் துணைநிற்கிறவரைச் சொல்ல உதவிக்காரர், அல்லது உடனூழியர். கவசதாரிக்கு இந்த மூன்று இடங்களிலும் வேலை இல்லை.